ஸ்டார்ட்டர் மோட்டாரை நீங்களே மாற்றப் போகிறீர்களா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காருக்கு அடியில் கிடந்து அதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியபோது மறுபடியும் அதே "டக்". என்ஜினையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் கேபிளின் முனையில் பிடித்திருந்த துருதான் பழுது. கம்பி பிரஷ்ஷால் பத்து நிமிடம் தேய்த்ததும் வண்டி கிளம்பியது. பொருத்திப் பார்த்த மின்பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு காரில் மோட்டார் உண்மையாகவே பழுதாகியிருந்தது. அப்போது பினியனின் (மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரத்தின்) பல் எண்ணிக்கை மாறிய ஒன்றை வாங்கி வந்து மேலும் ஒரு நாளை இழந்தேன். இரண்டு முறையும் என்னை அலைக்கழித்தது போல்ட் கழற்றும் வேலை அல்ல. அதற்கு முன் செய்யாமல் விட்ட அரை மணி நேரச் சோதனையும் விசாரிப்பும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் காரைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியே இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரியும் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. முழு ஹைபிரிட் கார்கள் பலவற்றில் தனி ஸ்டார்ட்டரே கிடையாது. என்ஜினைக் கிளப்புவது உயர் மின்னழுத்த மோட்டார். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் உள்ள இடத்தில் கை வைக்காதீர்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலம் முடியாத காரையும் நீங்களே பிரிக்க வேண்டாம்.

1. பழுது மோட்டாரில்தானா?

முதலில் காதால் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் "டக் டக் டக்" என்று வேகமாகத் தொடர் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கும். ஒரே ஒரு கனமான "டக்" கேட்டு நின்றுவிட்டால் சாலினாய்டு (மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்தச் சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் போதவில்லை என்று பொருள். சாலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், என் காரைப் போல எர்த் கெட்டிருக்கலாம். மோட்டார் "விர்ர்" என்று சுற்றியும் என்ஜின் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பினியன் கிளட்ச் (சுழற்சியைப் பினியனுக்குக் கடத்தும் பகுதி) போயிருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால், அதற்குமேல் ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள்; பினியன் போய்ப் பூட்டிக்கொள்ளும் ரிங் கியரின் (என்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையத்தின்) பற்கள் உடையும். சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, கிளட்ச் பெடலில் உள்ள சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாருக்கு வர வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் கியரை நியூட்ரலில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்; அதில் கிளம்பினால் பழுது அந்தச் சுவிட்சில்தான்.

அடுத்தது வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர். மலிவான மீட்டரே போதும். கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியை அளந்தால், நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். அதுவரை செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

பேட்டரி சரியாக இருந்தால், உதவிக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துக் கீழ்க்கண்டவற்றை அளக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக் போட்டிருக்கட்டும். என்ஜின் கிளம்பாதபடி எரிபொருள் பம்பின் பியூஸை எடுத்துவிடுங்கள். தளர்ந்த துணியோ நீண்ட முடியோ பெல்ட் அருகில் போகக் கூடாது.

சாவியைத் திருப்பியிருக்கும்போது பேட்டரியின் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரியை மட்டும் தனியாகச் சோதித்து வாங்கினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கட்டையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் சேரும் போல்ட்டிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளில் பழுது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரின் உலோக உடலிலும் வைத்து அதையே செய்யுங்கள். 0.3-க்கு மேல் போனால் எர்த் பக்கம் பழுது. இந்த இரண்டாவது அளவை நான் அன்று எடுத்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மோட்டாரின் விலையும் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, சாலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பி. சாவியைத் திருப்பும்போது மட்டும் இதில் மின்சாரம் வர வேண்டும். வரவில்லையென்றால் பழுது ரிலே, சுவிட்ச், கம்பி ஆகியவற்றில்தான். தடித்த கேபிளில் முழு வோல்ட், மெல்லிய கம்பியிலும் வோல்ட், எர்த் சுத்தம், இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் அதைக் கழற்றலாம். அதற்கும் முன் ஒரு காரியம்: கிராங்க் புல்லியின் (என்ஜினின் பெல்ட்டைச் சுற்றும் பெரிய சக்கரத்தின்) நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். என்ஜினே இறுகிப்போயிருந்தால் எந்த ஸ்டார்ட்டரும் அதைச் சுற்றாது.

மோட்டாரைத் தட்டினால் கிளம்பும் என்று சிலர் சொல்வார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மெல்லத் தட்டும்போது ஒருமுறை கிளம்பலாம் என்பது உண்மைதான். ஆனால் இக்கால மோட்டார்கள் பலவற்றில் உள்ளே காந்தங்கள் இருக்கின்றன. சுத்தியலால் ஓங்கி அடித்தால் அவை விரிசல் விட்டு, சரிசெய்யக்கூடிய மோட்டாரும் குப்பைக்குப் போய்விடும்.

2. வாங்குவதா, சரிசெய்வதா? எண்களும் ரசீதுகளும்

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பிரஷ்ஷும் சாலினாய்டு தொடுமுனையும் மட்டும் தேய்ந்திருந்தால், வாகன மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் மோட்டார் திரும்பி வரும்வரை கார் நகராது. ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் கம்பிச்சுருள் பகுதி) கருகியிருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஆலையில் புதுப்பிக்கப்பட்ட மோட்டார். மூன்றாவது, புதியது. என் தேர்வைக் கேட்டால், நல்ல பழுதுபார்ப்பவர் கிடைத்தால் முதல் வழிதான். கார் தயாரிப்பாளர் பொருத்திய மோட்டாரின் உடல், பெயர் தெரியாத மலிவான புதிய மோட்டாரைவிட நெடுநாள் உழைக்கும்.

வாங்குவதென்றால் கார் மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ஒரே ஆண்டில் இரண்டு வகை மோட்டார்கள் வந்திருக்கக் கூடும். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணையும் மோட்டார் உடலில் ஒட்டப்பட்ட அல்லது பொறிக்கப்பட்ட பாக எண்ணையும் கொடுங்கள். மோட்டாரைக் கழற்றிய பிறகு கையிலேயே எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. பினியன் பற்களின் எண்ணிக்கை, சுற்றும் திசை, கிலோவாட் அளவு, போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றில் மரை இருக்கிறதா இல்லையா, மெல்லிய கம்பிக்கான இணைப்பு குத்துவதா நட் போடுவதா என்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ அது ரிங் கியரோடு ஒத்துப்போகாது. சிக்னலில் தானாக அணைந்து மீண்டும் கிளம்பும் வசதி உள்ள கார் என்றால், அதற்கென்று வலுவாகச் செய்த மோட்டாரையே வாங்க வேண்டும். சாதாரண மோட்டார் அந்த உழைப்பைத் தாங்காது.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள்? உத்தரவாதம் எத்தனை மாதம், அதற்கு என்ன சான்று கேட்பார்கள்? பழைய மோட்டாரைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை விலையில் சேர்ந்திருக்கிறதா? பழைய மோட்டாருக்கு வைப்புத்தொகை பிடிக்கும் இடங்களில், பிரிக்காத, உடையாத மோட்டாரைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே ஆர்வத்தில் அதைத் திறந்துவிடாதீர்கள். பதில்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மல்டிமீட்டர் காட்டிய எண்களையும் படம் எடுத்து வைத்தால், பின்னால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது உதவும்.

3. நேரமும் கருவிகளும்

மோட்டார் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. முதல் முறை செய்பவர் அரை நாளை ஒதுக்க வேண்டும். சில என்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டை (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதியை) கழற்றினால்தான் மோட்டார் தெரியும். அப்போது புது கேஸ்கெட்டுகளும் முழு நாளும் வேண்டும். முதல் முயற்சியாக அந்தக் காரை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் காரில் எப்படி என்பதைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

10 முதல் 17 மில்லிமீட்டர் வரை சாக்கெட்டுகள், ராட்சட், நீண்ட எக்ஸ்டென்ஷன், வளையும் இணைப்பு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நல்ல விளக்கு. காரைத் தூக்க வேண்டுமென்றால் ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டுகளும் சக்கரக் கட்டைகளும் கட்டாயம். முந்தைய நாள் இரவே போல்ட்டுகளின் மேல் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் மறுநாள் பாதிச் சண்டை குறையும்.

4. பேட்டரி இணைப்பை எடுத்தல்

இந்தப் படியைத் தவிர்க்க வழியே இல்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் பெரும்பாலான கார்களில் பியூஸ் கிடையாது. நெகட்டிவை எடுக்காமல் அந்த நட்டில் ஸ்பேனர் போட்டு, அதன் மறுமுனை என்ஜினில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் சிவக்கச் சுடும். கை வெந்துபோகும், பேட்டரியும் வெடிக்கலாம். மோதிரம், கைக்கடிகாரம், உலோக வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதலில் நெகட்டிவை எடுங்கள். பிறகுதான் பாசிட்டிவ், அதுவும் பேட்டரியையே வெளியே எடுக்க வேண்டியிருந்தால் மட்டும். எடுத்த நெகட்டிவ் முனையைத் துணியால் சுற்றி, தானாகத் திரும்பிப் போய் ஒட்டாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் கார் என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

5. காரைத் தூக்குதல்

என்ஜினும் சைலன்சர் குழாயும் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சமமான, கடினமான தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையேடு காட்டும் இடங்களில் மட்டும் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். இறக்கியதும் காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடத் தலையை நுழைக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

6. கழற்றுதல்

எதையும் தொடுவதற்கு முன் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் எந்தக் கோணத்தில் வருகிறது, எந்தப் பிடிப்பின் வழியாகப் போகிறது என்பது மாலையில் நினைவிருக்காது.

முதலில் மெல்லிய கம்பியின் இணைப்பு. பிளாஸ்டிக் பூட்டை அழுத்தி இணைப்பைப் பிடித்து இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். வெப்பத்தில் பல ஆண்டுகள் இருந்த பிளாஸ்டிக் எளிதில் ஒடியும். அடுத்து தடித்த கேபிளின் ரப்பர் மூடியை ஒதுக்கி, நட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள். எல்லாவற்றையும் முதலில் கொஞ்சம் தளர்த்துங்கள். எளிதாகக் கைக்கு எட்டும் ஒன்றைக் கடைசிக்கு வையுங்கள். அதை எடுக்கும்போது மறு கையால் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சிறிய மோட்டார்களே மூன்று நான்கு கிலோ இருக்கும். பழைய வகைகளும் டீசல் மோட்டார்களும் இன்னும் கனம். மோட்டாருக்கு நேர் கீழே முகத்தை வைத்துப் படுக்காதீர்கள். போல்ட் வர மறுத்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். ஒரு நூலளவு இறுக்கிவிட்டுப் பின் தளர்த்துங்கள், மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அந்தப் போல்ட்டுகள் ஏறும் பெல் ஹவுசிங் (கியர் பெட்டியின் முன் உறை) பெரும்பாலும் அலுமினியம். அதன் மரை போனால் செலவு மோட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் மோட்டாரின் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்துவிடுங்கள். ஒரு போல்ட்டில் எர்த் கேபிளோ கம்பிப் பிடிப்போ சேர்ந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கும் என்ஜினுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடு இருந்தால் எறிந்துவிடாதீர்கள்; பினியனுக்கும் ரிங் கியருக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக வைப்பது அதுதான்.

7. பொருத்துவதற்கு முன் மூன்று சோதனைகள்

மோட்டார் இருந்த துளை வழியாக விளக்கடித்து ரிங் கியரைப் பாருங்கள். உதவியாளர் கிராங்க் புல்லியை மெல்லச் சுற்ற, பற்கள் முழு வட்டமும் கண்ணில் பட வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே வந்து நிற்கும். தேய்மானமும் அங்கேதான் இருக்கும். ஓரிடத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பற்கள் உடைந்திருந்தால் புது மோட்டாரும் சில மாதங்களில் பல்லிழக்கும். ரிங் கியரை மாற்றக் கியர் பெட்டியை இறக்க வேண்டும், அது பணிமனை வேலை.

பழைய மோட்டார் எண்ணெயில் ஊறியிருந்தால் மேலே எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அதை முதலில் நிறுத்துங்கள். எண்ணெய் உள்ளே புகுந்தால் கார்பன் பிரஷ் கெடும்.

மூன்றாவது, மாட்டப்போகும் மோட்டாரை வெளியிலேயே ஓட்டிப் பாருங்கள். பிடிமானத்தில் இறுக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிளம்பும்போது துள்ளும். ஜம்பர் கேபிளில் நெகட்டிவை மோட்டார் உடலுக்கும் பாசிட்டிவைத் தடித்த முனைக்கும் கொடுத்து, பாசிட்டிவிலிருந்து ஒரு சிறு கம்பியால் மெல்லிய முனையைத் தொடுங்கள். பினியன் வெளியே பாய்ந்து சுற்ற வேண்டும், கம்பியை எடுத்ததும் உள்ளே போக வேண்டும். மூன்று நான்கு விநாடிக்கு மேல் வேண்டாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். தீப்பொறி பறக்கும் என்பதால் பேட்டரியைத் தள்ளி வையுங்கள். புதியது என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்ததே பழுதாக இருந்தால், காருக்கு அடியில் போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

8. பொருத்துதல்

மோட்டாரும் என்ஜினும் தொடும் பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்துத் துடையுங்கள். பெரும்பாலான கார்களில் மோட்டாருக்கு எர்த் கிடைப்பது இந்தப் பரப்பின் வழியாகத்தான். அங்கே பெயின்ட் இருந்தால் புது மோட்டாரும் "டக்" என்றுதான் சொல்லும். எர்த் கேபிளின் இரு முனைகளையும் இப்போதே தேய்த்துவிடுங்கள்.

மோட்டாரைத் துளையில் வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு வராத போல்ட் கோணலாக ஏறுகிறது என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மோட்டார் தன் இடத்தில் தட்டையாக உட்கார்ந்த பிறகே ரெஞ்ச். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி மோட்டாரை உள்ளே இழுக்க முயன்றால் போல்ட் நுழையும் அதன் காது உடையும். இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும். மரைத்தண்டு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுக்கு (தலையின் அளவு அல்ல) பல கார்களில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

தடித்த கேபிளின் நட்டை இறுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அந்தப் போல்ட் செம்பு. பலமாக முறுக்கினால் அடியோடு திரும்பி, சாலினாய்டின் உள்ளே இருக்கும் தொடுமுனையையும் திருகிவிடும். அடியில் ஒரு நட் இருந்தால் அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மட்டும் இறுக்குங்கள். 10 நியூட்டன் மீட்டர் அளவே பெரும்பாலும் போதும். ரப்பர் மூடியைப் போட்டு, மெல்லிய கம்பியின் இணைப்பை "கிளிக்" கேட்கும்வரை அழுத்துங்கள். கேபிள் சைலன்சர் குழாயைத் தொடாமல் பழைய பிடிப்புகளுக்குள்ளேயே போகட்டும். வெப்பத் தடுப்புத் தகடு இருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள்.

பினியனுக்கு எண்ணெய் விட வேண்டாம். கிளட்ச் தூசி ஒட்டிப் பசையாகி அது நகர முடியாமல் போகும்.

9. முதல் தடவை சாவியைத் திருப்புதல்

கருவிகளை எண்ணிப் பாருங்கள். காரைக் கீழே இறக்குங்கள். பாசிட்டிவைக் கழற்றியிருந்தால் முதலில் அது, கடைசியாக நெகட்டிவ். தொடும்போது சிறு பொறி தெறிப்பது இயல்பு. பெரிதாகப் பறந்தால் உடனே எடுத்துவிட்டு, தடித்த கேபிள் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். எரிபொருள் பம்பின் பியூஸைத் திரும்பப் போட்டாயிற்றா?

நியூட்ரலில் வைத்துத் திருப்புங்கள். என்ஜின் சீராகச் சுற்றிக் கிளம்ப வேண்டும். சாவியை விட்டதும் மோட்டார் சத்தம் நின்றுவிட வேண்டும். கிளம்பிய பிறகும் ஊளையிடும் சத்தம் தொடர்ந்தால் உடனே அணையுங்கள். பினியன் உள்ளே திரும்பவில்லை, அல்லது அந்த மெல்லிய தகட்டை விட்டுவிட்டீர்கள். கிளம்பவில்லையென்றால் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் திருப்பாதீர்கள்; அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

கிளம்பியதும் படி 1-இல் எடுத்த அளவுகளை மீண்டும் எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அரை மணி நேரம் ஓட்டி, என்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்து ஐந்தாறு முறை கிளப்பிப் பாருங்கள். சில பழுதுகள் சூட்டில்தான் தலை காட்டும். கடிகாரத்தையும் கண்ணாடி ஜன்னல்களின் தானியங்கி நிலையையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். முதல் இரண்டு நாள் வண்டி நின்றபடி ஓடும்போது என்ஜின் சற்றுத் தடுமாறினால் பயப்பட வேண்டாம். பேட்டரி எடுத்த பிறகு சில கார்கள் அப்படித்தான் பழகிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து, நெகட்டிவை எடுத்துவிட்டு, போல்ட்டுகளும் கேபிள் நட்டும் தளரவில்லையா என்று பாருங்கள்.

பழைய மோட்டாரைப் புதியது வந்த பெட்டியிலேயே வைத்து, குறித்த நாளுக்குள் கடையில் கொடுத்துவிடுங்கள். வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும்போது அசல் ரசீதைக் கேட்பார்கள்; உத்தரவாதத்துக்கும் அதே ரசீதுதான் சான்று. ஆகவே கொடுப்பதற்கு முன் அதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசலைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.